40 வயதில் ரிட்டையர்மென்ட்: ‘4% விதி’ கடைசி வரை கைகொடுக்குமா?

ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துட்டா வேலையை விட்டுடலாம் என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதன் அடிப்படை, அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. முதல் ஆண்டு சேமிப்பில் 4% எடுக்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனா அது அமெரிக்கப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்களை வைத்து 30 ஆண்டுகளுக்குப் போட்ட கணக்கு. 65 வயதுக்காரருக்கு ஓகே. 40-ல் வேலையை விடுபவருக்கு 50 ஆண்டு ஓடணுமே?

சிக்கல் சராசரி லாபத்தில் இல்லை. சரிவு எப்போ வருது என்பதில்தான். ஒருவரிடம் 10 லட்சம் டாலர் இருக்கிறது. 40,000 எடுத்தால் மீதி 9.6 லட்சம். அந்த ஆண்டே 30% சரிந்தால் கையில் 6.72 லட்சம்தான். விலைவாசி 3% ஏறினால் அடுத்த ஆண்டு எடுக்க வேண்டியது 41,200. அதாவது, இருப்பதில் 6 சதவீதத்துக்கும் மேல! இதே சரிவு 20 வருஷம் கழிச்சு வந்தா இவ்வளவு வலிக்காது.

அதனால் நீண்ட ஓய்வுக்காலத்துக்கு 3 முதல் 3.5% வரைதான் பாதுகாப்பு என்கிறார்கள் பலர். 3% என்றால் 33 மடங்கு சேமிப்பு வேணும். சந்தை விழுந்த வருஷம் செலவைச் சுருக்க முடிந்தால் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம். சுற்றுலாவைத் தள்ளிப்போடலாம், சரி. வாடகையையும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் தள்ளிப்போட முடியாதே!