அரித்த இடமும் படிந்த இடமும்

மார்கழி மாதத்துப் பெருமழை ஓய்ந்த மறுநாட் காலையில், திருகோணமலை நகரை அடுத்துள்ள அன்புவழிபுரத்தின் ஒழுங்கைகளில் நடப்பவர் காலிற் சேறு படாமற் செல்வதிலேயே கண்ணாயிருப்பர். அவர் ஒரு கணம் நின்று வேலியோரத்துச் சரிவைக் குனிந்து நோக்குவாராயின், மலைகளைத் தேய்த்துக் கடல்களைத் தூர்க்கும் பெருந்தொழிலொன்றின் சிற்றுருவை அங்கேயே காணலாம்.

அச்சரிவிலே சிறு கற்கள் சில, விரற்கடை உயரமுள்ள மண்தூண்களின் தலையில் வைத்தாற்போல நிற்கும். கற்களை எவரும் அவ்வாறு அடுக்கிவைக்கவில்லை. கல்லாகிய குடையின் கீழிருந்த மண் மழைத்துளியின் அடியிலிருந்து தப்பியது. குடையில்லாத மண் கரைந்து போயிற்று. ஆகவே அத்தூணின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு மண்ணை அந்த நிலம் அண்மையில் இழந்துவிட்டது என்பது பொருள். வேலியில் நிற்கும் வேம்பின் வேர்கள் வெளியே தெரிவதும் இத்தகைய கணக்கே. வேர் மண்ணுக்குள்ளே வளர்ந்தது. இன்று காற்றிலே கிடக்கிறதெனின், நிலமட்டம் முன்னர் அதற்கு மேலே இருந்திருத்தல் வேண்டும்.

போன மண் எங்கே? ஒழுங்கை தாழ்ந்து சமதரையைச் சேருமிடத்தில், விசிறி விரித்தாற்போல ஒரு மணற்பரப்பு கிடக்கும். விசிறியின் காம்புப் பக்கத்தில் பரலும் பருமணலும், நடுவில் நுண்மணல், அதற்கும் அப்பால் நீர் தேங்கிய குட்டையின் அடியில் வழுவழுப்பான களி. ஓடும் நீர் வேகங் குறையக் குறையச் சுமையை இறக்கும். பாரமானதை முதலிலும் இலேசானதை இறுதியிலும் இறக்கும். அரிப்பு தன் சுவட்டை இல்லாமையினாற் காட்டுகிறது. படிவு தன் சுவட்டை ஒழுங்கினாற் காட்டுகிறது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், ஒழுங்கையிற் கண்டதையே துறைமுகத்திலும் ஆற்றிலும் கடற்கரையிலும் காணலாம்.

கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமிமலையை நோக்குவோம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் அக்குன்று குவாட்சைற்று என்னும் மிகக் கடினமான பாறையால் ஆயது. துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள முனைகளும் மேடுகளும் இத்தகைய வன்பாறைத் தொடர்களே. இடையிலிருந்த மென்பாறைகள் நெடுங்காலம் மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்குகளாயின. ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றுள்ளதினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின. உலகப் புகழ் பெற்ற துறைமுகம் பிறந்தது. இங்கே வியப்பான செய்தி யாதெனில், அக்குவாட்சைற்றும் ஒரு காலத்தில் மணலே. எங்கோ அரிக்கப்பட்டு, எங்கோ படிந்து, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்து வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகிக் கல்லான மணலை அலைகள் இன்று மீண்டும் மணலாக்கிக்கொண்டிருக்கின்றன.

மலையிலுள்ள இராவணன் வெட்டைப் பற்றிய ஐதிகம் யாவரும் அறிந்தது. பாறையை ஆராய்வோன் கண்ணுக்கு அது நீரும் வெயிலும் காற்றும் அகலப்படுத்திய ஒரு வெடிப்பாகத் தோன்றும். இரண்டையும் அறிந்திருப்பதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் மலையடிக் கடலிற் கிடக்கும் கற்களெல்லாம் அலை வீழ்த்தியவை என்று கொள்வது தவறாகும். 1956ஆம் ஆண்டையொட்டி ஆதர் கிளாக், மைக் வில்சன் ஆகியோர் அங்கே சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். அவை பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த அழிவின் எச்சங்கள். கடல் கல்லை உருட்டி உருண்டையாக்கும், சதுரமாகச் செதுக்காது. இயற்கையின் சுவட்டையும் மனிதனின் சுவட்டையும் பிரித்தறிவதும் இக்கல்வியில் ஒரு பாடமே.

இனி ஆறு. மத்திய மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. அதன் ஒரு கிளையான வெருகலாறு தெற்கே தனி வழி சென்று கடலைச் சேர்கிறது. இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் மழைநீரை இவ்வாறே ஏந்துகிறது. மலைக்காடுகளை அழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட காலந் தொட்டு மலைநாட்டு மேல்மண் பெருமளவிற் கரைந்து இறங்கியது. மண்காப்புக்கென 1951ஆம் ஆண்டிற் சட்டமொன்று இயற்றப்பட்டதற்கு இதுவும் காரணம்.

ஆற்றங்கரையில் வாழ்வோர் அறியவேண்டிய அடையாளம் வளைவிலே இருக்கிறது. வளைவின் வெளிக்கரையை நீர் விரைந்து மோதும்; ஆங்கே கரை சுவர்போலச் செங்குத்தாய் நிற்கும், மண் புதிதாய்த் தெரியும், மரங்கள் ஆற்றை நோக்கிச் சாயும். உட்கரையில் நீர் தளர்ந்து மணற்றிடல் வளரும். அதன்மேல் நாணலும் இளம்புல்லும் மட்டுமே காணப்படும். வெளிக்கரை இழந்துகொண்டிருக்கும் நிலம். உட்கரை ஆற்றினுடைய நிலம், வெள்ளத்தில் ஆறு அதை மீண்டும் கேட்கும். வீடு கட்டுவோன் இரண்டையும் விட்டு விலகுதல் நன்று. மகாவலியின் வெள்ளச் சமவெளியிலுள்ள வில்லுகளிற் சில, ஆறு கைவிட்டுச் சென்ற பழைய வளைவுகளே.

இத்தனை வண்டலும் வந்து விழும் கொட்டியாரக் குடா இன்னும் தூர்ந்துபோகாதிருப்பது எவ்வாறு? குடாவின் அடியிலிருந்து ஆழ்கடலை நோக்கி ஒரு மாபெரும் கடலடிப் பள்ளத்தாக்கு இறங்கிச் செல்கிறது. அது 3000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டுகிறது. ஆற்று மணலின் ஒரு பகுதி அவ்வழியே ஆழத்துக்கு வழிந்து விடுகிறது. எஞ்சியதை அலைகள் கரையோரமாகப் பங்கிடுகின்றன.

பங்கிடுவதில் அலைகளுக்கு ஒரு தேர்ச்சி உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையின் கரிய கடற்கரையைக் கண்டவர் அதனை அறிவர். சுளகிற் புடைக்கும்போது பதர் பறந்து நெல் நிற்பதுபோல, அலை இலேசான வெண்மணலை இழுத்துச் சென்று, பாரமான இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்களைக் கரையிலே விட்டுச் செல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவக்காற்று அப்படிவைப் புதுப்பிக்கிறது.

எல்லாப் படிவும் இவ்வாறு பொறுமையாக நிகழ்வதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்து, கரையோர வயல்களிலும் வளவுகளிலும் ஒரு மணற்படையை விட்டுச் சென்றது. அதன் அடையாளம் தெளிவானது. கீழே கருமண், மேலே சட்டெனத் தொடங்கும் கடல்மணல், அதனுள் சிப்பியும் பவளத்துண்டும். கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்லப் படை மெலியும். ஆற்று வெள்ளத்தின் படிவிற் கடற்சிப்பி இராது. அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள கரகன் கடல்நீரேரியின் சேற்றைத் துளைத்த ஆய்வாளர்கள், அதே போன்ற மணற்படைகள் பல ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏழாயிரம் ஆண்டுக் காலத்துக்கு உரியனவாகக் கிடப்பதைக் கண்டனர். பேரலை இத்தீவுக்குப் புதியதன்று என்பதை எழுத்தறியாச் சேறு எழுதிவைத்திருந்தது, வாசிப்பார்தாம் இல்லை. கரையோரத்திற் கிணறு வெட்டுவோர் குழியின் சுவரைக் கழுவிப் பார்த்தல் பயனுடையது. கருமண்ணுக்கு நடுவே சிப்பியோடு கூடிய வெண்பட்டை ஒன்று தெரியின், அவ்விடத்துக்குக் கடல் முன்னரும் வந்திருக்கக்கூடும்.

இன்று மகாவலியின் மணலுக்குப் புதிய தடைகள் உள. 1976இற் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியா, பின்னர் இரந்தெனிகலை என அணைகள் எழுந்தன; அணைக்குப் பின்னே நீர் தளர்வதால் பருமணல் அங்கேயே படிகிறது. கீழே கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் ஆற்று மணல் கட்டிட வேலைக்கு அள்ளப்படுகிறது. வரவு குறைந்து, அலையின் செலவு குறையாதிருப்பின், கடற்கரை தன் முதலை உண்ணத் தொடங்கும். பனைகளின் வேர்கள் கடலை நோக்கித் தொங்குதல், மணற்கரை படிபோல வெட்டுண்டு நிற்றல், முன்னர் வளவினுள் இருந்த கிணற்றின் கட்டு அலைவாயில் தனித்து நிற்றல் ஆகியன அதன் அறிகுறிகள்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கரையில் வடகீழ்ப் பருவக்காற்றின் பேரலைகள் மணலை அள்ளிச் செல்வதும், கடல் அமைதியுறும் மாதங்களில் அம்மணலிற் பெரும்பகுதி திரும்புவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. மார்கழியில் வந்து பார்த்துக் கடல் ஊரை விழுங்குகிறதென அஞ்சுவோரும், ஆடியில் வந்து பார்த்து நிலம் வளர்ந்துவிட்டதென மகிழ்ந்து வேலியை முன்தள்ளிக் கட்டுவோரும் ஒரே பிழையையே செய்கின்றனர். கரை உண்மையில் எப்பக்கம் நகர்கிறது என்பதை, ஒரே பனையின் அடியிலிருந்து நீர்விளிம்பு வரை, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், கடல் ஒரே மட்டத்தில் நிற்கும் வேளையில் அடி எண்ணிக் குறித்து வைத்திருப்பவரிடமே கேட்டறியலாம்.