ஒத்தையடிப் பாதைக்கு ஒரு காதக் கல்

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழி என்ற பழைய சாலையில் போகிறவர்களுக்கு நாவற்தாவளம் என்ற இடம் இன்னும் 29 காதம் என்று சொல்கிறது. எழுத்தில் பொறித்ததோடு கல்தச்சர் விட்டுவிடவில்லை. பெரிதும் சிறிதுமாகக் குழிகள் குடைந்து அதே கணக்கை மறுபடியும் காட்டியிருக்கிறார். எழுத்தறியாத வண்டிக்காரரும், இருட்டிவிட்டால் விரலால் தடவியாவது, தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். நடக்கவும் சைக்கிளில் போகவும் மலைக்கு மலை நெடும்பாதை போட வேண்டும் என்று இன்று பேசுகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய கல் அது.

உலகில் பேர்பெற்ற நெடும்பாதைகள் பலவும் புதிதாக வெட்டியவை அல்ல. பூடானில் தபால்காரர்களும் யாத்ரீகர்களும் நடந்த பழைய வழி, 1960-களில் கார் சாலை வந்ததும் புதர் மண்டிப்போனது. கொரோனா முடக்கத்தில் வேலை இழந்தவர்களைக் கொண்டு அதைச் செப்பனிட்டு, 403 கிலோமீட்டர் பாதையாக 2022-இல் திறந்தார்கள். நாட்டின் மேற்கிலிருந்து கிழக்குவரை நடந்தே போகலாம். இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 22 பிரிவுகள். தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகளைத் தைத்துச் சேர்த்ததே அது. அந்த வழிகளில் கொழுந்துக் கூடையோடு நடந்தவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள்.

இந்தக் கண்ணோடு ஜவ்வாது மலையைப் பார்த்தால் பாதைக்குப் பஞ்சமே இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் கை நீட்டிக் கிடக்கும் மலை இது. ஊருக்கு ஊர், ஊரிலிருந்து சாமைக் கொல்லைக்கு, கொல்லையிலிருந்து சந்தைக்கு என்று மலையாளி பழங்குடி மக்களின் காலடிகளே போட்ட தடங்கள் ஏராளம். போளூர்ப் பக்கமாக ஏறி ஜமுனாமரத்தூர், காவலூர் வழியே ஆலங்காயத்தில் இறங்கும் ஒரு கோட்டை மனதில் போட்டுப் பாருங்கள். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்திலேயே பீமன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. கொஞ்சம் விலகினால் கீழ்செப்பிலியின் கல்திட்டைகள்: பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட பெருங்கற்காலச் சின்னங்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்ததாக நம்பி, ஊரார் அவற்றை வாலியர் வீடு என்கிறார்கள்.

சிக்கல் சைக்கிளில்தான் தொடங்குகிறது. காலால் போட்ட தடம் குறுக்கே விழுந்து செங்குத்தாக ஏறும். தார்ச்சாலை கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரே பாதையை இரண்டுக்கும் பொதுவாக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். நடப்பவர் காட்டுத் தடத்திலும் சைக்கிள்காரர் மலைச்சாலையிலும் போய், இரவு தங்கும் ஊரில் இருவரும் சந்திப்பதே நடக்கக்கூடிய ஏற்பாடு. செங்குத்துத் தடத்துக்கு மழையும் எதிரி. நாலு பெருமழையில் அதுவே ஓடையாகிவிடும். அதனால் தடத்தைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்துவிட வேண்டும். இடையிடையே கற்களை வரிசையாகப் பதித்தால் தண்ணீர் தடத்தோடு ஓடாமல் விலகி இறங்கும். சிமென்ட் தேவையில்லை. வருடா வருடம் பார்த்துக்கொள்ள ஆள்தான் தேவை.

அடுத்தது அனுமதி. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலைப்பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்தது. உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள். நல்ல தொடக்கம். ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்பும் பாதைகள் அவை. நெடும்பாதைக்கு வரிசையாக ஊர்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் சோறும் திண்ணையும் வேண்டும். முன்பு சத்திரமும் சுமைதாங்கிக் கல்லும் செய்த வேலை அது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள் இன்றும் அதைச் செய்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தே ஊர் திரும்பினார். அன்று அந்த வழியில் வண்டி போக முடியவில்லை. நகரத்தார் விடுமுறையில் நடக்க ஆசைப்படும் தடம், மேலே இருப்பவர்களுக்கு வேறு வழியில்லாததால் நடக்கும் தடம். பாதைக்கென்று பணம் வந்தால் எங்கே சாலை, எங்கே தடம் என்பதை அந்தந்த ஊர்க் கூட்டம் முடிவு செய்யட்டும். பெக்கோ பாதைக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. இங்கே யார் கொடுத்தாலும், அதில் சாமைச் சோறு ஆக்கிப் போடும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

காவலூரில் இரவு தங்க இடம் கட்டுவதானால் விளக்கு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கு பெற்ற மலை அது. அங்கே வாசல் விளக்கின் வெளிச்சம் மேலே சிதறக் கூடாது. தலைக்கு ஒரு மூடி போட்டு, படிக்கட்டு தெரிகிற அளவுக்குத் தரையைப் பார்க்க வைத்தால் போதும்.