டயரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் கார் டயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ராம் வாங்கப் போகும்போது என்ன செய்கிறோம்? மதர்போர்டு டிடிஆர்3-ஐ ஏற்குமா, டிடிஆர்4-ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுத்தானே கடைக்குப் போகிறோம்? விலை குறைவு என்று மாற்றி வாங்கினால் அது ஸ்லாட்டிலேயே உட்காராது. தவறு உடனே தெரிந்துவிடும். டயர் அப்படி இல்லை. சைஸ் மாறிய டயரும் வீலில் உட்கார்ந்துவிடும், காரும் ஓடும். மழை நாளில் அவசரமாக பிரேக் பிடிக்கும் வரை எதுவும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய சின்ன காரும் ஒரு கம்ப்யூட்டர்தான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். ஒவ்வொரு வீலிலும் உள்ள சென்சார், அந்த வீல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்கெடுத்து அனுப்புகிறது. ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் மீட்டரும் இதே போலச் சுற்றுகளை எண்ணித்தான் வேலை செய்கின்றன. ஒரு சுற்றுக்குக் கார் எவ்வளவு தூரம் நகரும் என்பது கம்பெனியிலேயே பதிந்து வைக்கப்பட்ட எண். நீங்கள் டயர் சைஸை மாற்றினால் அந்த எண் மாறாது. தவறான இன்புட் கொடுத்தால் தவறான அவுட்புட்தானே வரும்?

சரி, டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். என்னிடம் இருப்பது 2018-ஆம் ஆண்டு மாடல் ஸ்விஃப்ட். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கார் வேறாக இருந்தாலும் படிக்கும் முறை ஒன்றுதான்.

குறியீடுகளின் பொருள்

என் கார் டயரின் பக்கச் சுவரில் 165/80 ஆர்14 85டி என்று இருக்கிறது. இதில்,

165 - டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

80 - பக்கச் சுவரின் உயரம். இது மில்லிமீட்டர் அல்ல. அகலத்தில் 80 சதவீதம் என்று பொருள்.

ஆர் - ரேடியல் டயர்.

14 - டயர் உட்காரும் வீலின் விட்டம், அங்குலத்தில்.

85 - எடை தாங்கும் குறியீடு. இதுவும் கிலோ அல்ல. உலகம் முழுவதும் ஒரே அட்டவணைதான்; அதில் 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ. 82 என்றால் 475 கிலோ, 88 என்றால் 560 கிலோ.

டி - வேகக் குறியீடு. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190, ஹெச் என்றால் 210.

அந்த வேகத்தில் நாம் போகப் போவதில்லையே, பிறகு எதற்கு என்று தோன்றும். டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான அளவுகோலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத நண்பகலில், ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக நெடுஞ்சாலையில் போகும்போது இது உதவும். எடைக் குறியீடும் வேகக் குறியீடும் கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

உங்கள் காருக்கான சரியான சைஸும் காற்றழுத்தமும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் காருடன் வந்த கையேட்டில் இருக்கும். இப்போது காரில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது மிக முக்கியம்; முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

கால்குலேட்டரில் ஒரு சின்னக் கணக்கு

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 165-ல் 80 சதவீதம் 132. மேலும் கீழும் சுவர் இருப்பதால் இரண்டால் பெருக்கினால் 264. வீல் 14 அங்குலம், அதை 25.4-ஆல் பெருக்கினால் 355.6. இரண்டையும் கூட்டினால் 619.6 மில்லிமீட்டர். இதுதான் டயரின் மொத்த விட்டம்.

இதே ஸ்விஃப்டின் விலை உயர்ந்த மாடலுக்கு 185/65 ஆர்15 டயர் கொடுத்தார்கள். அதற்கும் கணக்குப் போட்டால் 621.5 வருகிறது. வீல் ஒரு அங்குலம் பெரிது, டயர் 20 மில்லிமீட்டர் அகலம், ஆனால் மொத்த விட்டத்தில் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. கம்பெனிக்காரர்கள் சைஸை மாற்றும்போது எதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு நண்பரிடமும் இதே கார்தான். டயர் மாற்றிவிட்டு வந்தவர், "சார், புது டயர் போட்டதும் மைலேஜ் ஏறிடுச்சு. பதினெட்டு குடுத்தது இப்ப பத்தொன்பது குடுக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். 175/65 ஆர்14 82டி மாட்டியிருந்தார்கள். அது வேறு கார்களுக்கான சைஸ். கடையில் இருப்பில் இருந்தது, விலையும் குறைவு, "அகலம் கூட, கிரிப் நல்லா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். விட்டம் 583.1. அதாவது 36.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைவு. சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றும். 300 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 319 என்று காட்டும். பெட்ரோல் மிச்சமாகவில்லை, மீட்டர்தான் கூடுதலாக எண்ணுகிறது. தரையிலிருந்து காரின் உயரமும் 18 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. நம் ஊர் வேகத்தடைகளில் அது பெரிய வித்தியாசம். எடைத் திறனும் ஒரு டயருக்கு 40 கிலோ வீதம், நான்குக்கும் சேர்த்து 160 கிலோ குறைந்துவிட்டது. அதனால் மறுநாளே வெடித்துவிடும் என்று அர்த்தமல்ல. காற்று குறைவு, சூடு, பள்ளம், கூடுதல் சுமை எல்லாம் ஒன்றாகச் சேரும் நாளுக்காகக் கம்பெனி வைத்திருந்த இடைவெளியில் ஒரு பகுதி போய்விட்டது.

சைஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால் இந்தக் கணக்கைப் போட்டு, விட்டத்தில் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நான் கடைப்பிடிக்கும் அளவு அது. அதைவிட எளிய வழி, அதே சைஸை வாங்குவது. அதிக அகலமான டயர் போட்டால் ஸ்டீயரிங் கனமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாக வாய்ப்பு உண்டு.

டயரின் வயது

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கத்தில் பாருங்கள்.

ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகி இறுகும். இறுகிய ரப்பருக்கு ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பளபளப்பு மாறாமல் கடையில் மூன்று வருடம் கிடந்த டயரும் "புது டயர்"தான். ஆனால் உங்கள் பணத்தில் மூன்று வருடம் ஏற்கனவே போய்விட்டது. ஆறு மாதத்துக்குள் தயாரானதைக் கேளுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டியதை வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கினால், பொருத்துவதற்கு முன்பே இந்த எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் வயதாகும். கொஞ்சமும் தேயாமல் இருந்தாலும் பத்து வருடமான டயரை மாற்றிவிடும்படி டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

பழைய டயர் சொல்லும் செய்தி

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும். அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்ட, பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமோ போட்டிருப்பார்கள். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான் என்பதால், மழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

கழற்றுவதற்கு முன் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறோம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மெண்ட் சரியில்லை. காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

இரண்டு மட்டும் மாற்றினால்?

நான்கையும் ஒன்றாக மாற்றப் பணம் இடிக்கும்போது இரண்டை மட்டும் மாற்றுவோம். சின்ன கார்கள் பெரும்பாலும் முன் வீலால் இழுக்கப்படுபவை என்பதால், மெக்கானிக்குகள் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: புதியவை பின்னால், ஓரளவு தேய்ந்தவை முன்னால். காரணம் உண்டு. ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிப்பது கடினம்.

அந்த இரண்டும் ஒரே சைஸ், ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டத்தில் போட்டால், நான்கு வீல்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏ.பி.எஸ். கணக்கு குழம்ப வாய்ப்பு உண்டு. காரில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தால், டயர் மாற்றியபின் கையேட்டில் சொல்லியிருக்கிறபடி ரீசெட் செய்யவும். சில கார்களில் அந்த வசதியும் வீல் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் காற்று குறைந்ததைக் கண்டுபிடிக்கிறது.

கடையில் செய்ய வேண்டியவை

1. சைஸ், எடைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயருக்கான தர எண் ஐ.எஸ். 15633.

3. தயாரிப்பு வாரத்தை எல்லா டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் பார்த்துவிட்டு மற்றவற்றை நம்ப வேண்டாம்.

4. ட்யூப்லெஸ் டயர் என்றால் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டும் விலையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

5. சுவரில் அம்புக்குறியோ, வெளிப்பக்கம் எது என்ற குறிப்போ இருந்தால், அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

6. பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கிடைப்பது கஷ்டம். புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எனவே அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டாம்.

எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன் - எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், மேலே உள்ள ஆறும் சரியாக இருந்தால் உங்கள் பட்ஜெட்டுக்கு எது வருகிறதோ அது. காரின் முழு எடையும் தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த இடத்தைப் பற்றிய தகவல் எல்லாம் டயரின் மீதே அச்சாகியிருக்கிறது. குனிந்து படிக்க ஐந்து நிமிடம் போதும்.