கோட்டுக்கு உயிரூட்டும் கலை

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் எவரும் இராசா தேசிங்கின் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட அவ்விளைஞனின் வரலாறு கதைப்பாடலாக மக்கள் நாவில் நிலைத்தது, 1960இல் எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. 2025 ஜூலைத் திங்களில் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. இத்தகைய கதையை அசைவூட்டப் படமாக்க விழையும் மாணவர் எவற்றைக் கற்க வேண்டும்? கற்றபின் அத்தொழிலால் வாழ இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் ஈண்டு விடை காண முயல்வோம்.

கலையின் அடிப்படை

திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் நம் கண்முன் ஓடுகின்றன. பத்து நொடிக் காட்சிக்கு 240 படங்கள் தேவை. கையால் வரைவோர் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரு படங்களுக்குப் பயன்படுத்துவர். அவ்வாறாயினும் 120 ஓவியங்கள் வேண்டும். கணிப்பொறி வந்தபின் கைவேலை குறைந்ததே அன்றிக் கண்ணின் வேலை குறையவில்லை. உருவம் எப்பொழுது அசைய வேண்டும், எப்பொழுது அசையாதிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் கலைஞரே ஆவார்.

கதைப்பாடலில் எவராலும் அடக்கவியலாத பாராசாரி என்னும் குதிரையைத் தேசிங்கு அடக்குகிறான். அக்குதிரையின் பாய்ச்சலை எங்ஙனம் வரைவது? முன்னாளைய ஓவியர் பலர் முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டிருக்கக் குதிரை வானில் பறப்பதாகத் தீட்டினர். 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் ஒளிப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு நீங்கும் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருப்பதை அப்படங்கள் காட்டின. கண்டதாக நாம் கருதுவது வேறு. உண்மையில் நிகழ்வது வேறு. ஆகவே கூர்ந்து நோக்குதலே இக்கலையின் முதற்பாடம். இராசகிரிப் படிகளில் சுமையுடன் ஏறும் முதியவரின் முதுகும் முழங்காலும் நம் மாணவர்க்கு வாய்த்த இலவசப் பாடநூல் எனலாம்.

அசைவும் எண்ணமும்

தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான், தன் திருமண நாளில் போர்ச்செய்தி கேட்டு, மணவறையை விட்டுக் களம் நோக்கிப் புறப்படுகிறான். இக்காட்சியில் குதிரைப் பாய்ச்சலினும் கடினமானது, அவன் எழுவதற்கு முன்னுள்ள ஒரு நொடியே. ஓலையைக் கண்ட கண் முதலில் தாழ வேண்டும். பின் மணமகள் இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும். அதன்பின்னரே உடல் எழ வேண்டும். எண்ணம் முந்தி, செயல் பிந்தி வரும்பொழுதுதான் கோடுகள் மனிதனாகின்றன. டிஸ்னி நிறுவனக் கலைஞர்களான பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கிய பன்னிரு நெறிகளுள் முன்னசைவும் கால அளவும் இதனையே கற்பிக்கின்றன. இவ்வகையில் அசைவூட்டுநர் தூரிகை ஏந்திய நடிகர் ஆவார். நம் வட்டாரத் தெருக்கூத்தைக் கருத்தூன்றிக் காண்போர்க்கு இது எளிதில் விளங்கும்.

முன்னோடி ஒருவர்

வேதியியல் பயின்ற ராம் மோகன், 1956இல் பம்பாயில் நடுவண் அரசின் திரைப்படப் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்பாரிடம் பயிற்சி பெற்றார். 1989இல் ஏவி.எம். நிறுவனத்தின் 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினிகாந்துடன் அசைவூட்ட உருவங்கள் ஆடிப்பாடியமைக்கு அவர் கைவண்ணமே காரணம். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019இல் மறைந்தார்.

கற்கும் வழி

சென்னை தரமணியிலுள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவும் பட்டப்படிப்பாக உள்ளன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் நுழைவுத்தேர்வு வழியே மாணவரைச் சேர்க்கின்றன. பொருள் வசதியற்றோர் பிளெண்டர் என்னும் கட்டணமில்லா மென்பொருளைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம். வேலை தருவோர் சான்றிதழினும் மாதிரிப் படத்தொகுப்பையே முதலில் நோக்குவர். அது ஓரிரு நிமிடங்களே போதும். சிறந்தது முதலில் வர வேண்டும். அரைகுறையானவற்றை நீக்கிவிட வேண்டும். பெருந்தொகை கேட்கும் தனியார் பயிலகங்களில் சேருமுன், அங்குப் பயின்றோரின் படைப்புகளையும் அவர்தம் இன்றைய பணியையும் பெற்றோர் நேரில் கேட்டறிதல் நலம்.

தொழிலின் மறுபக்கம்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பெற்ற 'லைப் ஆப் பை' திரைப்படம் 2012இல் வெளிவந்தது. அதில் வரும் புலி பெரும்பாலும் கணிப்பொறியில் உருவானது. அதனைப் படைத்த ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் நொடிப்பு அறிவித்தது, பலர் வேலையிழந்தனர். அதே திங்களில் அப்படம் காட்சி விளைவுக்கான ஆஸ்கர் விருதையும் வென்றது! திறமை இருந்தும் ஊதியம் நிலைக்காது போகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எனவே பட்டப்படிப்பைக் கைவிடாது கற்றலும், விளம்பரம், கல்விப்படம், விளையாட்டு மென்பொருள் எனப் பல துறைகளுக்கும் தம்மை ஆயத்தப்படுத்திக் கொள்ளுதலும் அறிவுடைமையாகும்.

படம் வரையும் பிள்ளையைக் கண்டு, "இது சோறு போடுமா?" எனப் பெரியோர் வினவுவது அன்பினால் எழும் அச்சமே. அவ்வச்சத்தைப் பழிப்பதால் பயனில்லை; நாள்தோறும் செய்யும் பயிற்சியாலும் தெளிந்த திட்டத்தாலும் விடையிறுப்பதே மாணவர் கடமை. வீட்டுப் பெரியோரும் ஈராண்டுக் காலம் பொறுத்திருந்து பிள்ளையின் கைவண்ணத்தைக் கண்டபின் தீர்ப்புச் சொல்வார்களாக.