விமானிக்குப் பேப்பரா, டேப்லட்டா? காக்பிட்டில் இருந்து நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பாடம்

2025 நவம்பர் 13. சென்னையில் அலுவலகத்தில் இருந்தேன். புதுக்கோட்டையில் இருந்து அம்மாவின் போன். "நார்த்தாமலைகிட்ட ரோட்டுல ஏரோபிளேன் எறங்கிடுச்சாம்டா. ஊரே அங்கதான் நிக்குது" என்றார். கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தன. திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நான் கல்லூரி நாட்களில் பஸ்ஸில் போய் வந்த அதே சாலையில், ஒரு சிறிய பயிற்சி விமானம் நின்று கொண்டிருந்தது. சேலத்தில் இருந்து கிளம்பிய விமானம் அது. உள்ளே இருந்த இருவருக்கும் காயம் இல்லை.

அந்த விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று ஆராய்வது விசாரணை அதிகாரிகளின் வேலை. எனக்கு வந்த கேள்வி வேறு. வானத்தில் ஒரு சிக்கல் வந்தால், அடுத்து என்ன செய்வது என்பதை விமானி எதைப் பார்த்துத் தெரிந்து கொள்கிறார்? அச்சடித்த அட்டையையா, டேப்லட் திரையையா?

"எனக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? நானே போன மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன்" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடைசி வரை படியுங்கள்.

செக்லிஸ்ட் பிறந்த கதை

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகே ரைட் பீல்ட் விமான தளம். போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் கொண்ட மாடல் 299 என்ற புதிய விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. ஓட்டியவர் அனுபவம் மிக்க ராணுவ விமானி மேஜர் பிளாயர் ஹில். விமானம் செங்குத்தாக மேலே எழுந்து, வேகம் இழந்து கீழே விழுந்தது. ஹில்லும், உடன் இருந்த போயிங் நிறுவன விமானி லெஸ்லி டவரும் இறந்தனர்.

காரணம் மிகச் சிறியது. தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை எடுத்துவிட மறந்து விட்டார்கள். அறிவு இல்லாமல் இல்லை, ஞாபகம் இல்லாமல் போய் விட்டது.

இதற்குத் தீர்வாக விமானிகள் வேறு புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஓர் அட்டையில் எழுதி வைத்துக் கொண்டார்கள். அதுதான் செக்லிஸ்ட். அந்த விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

சிறிய விமானத்தில் எஞ்சின் நின்றால்

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் விமானம் செஸ்னா 172. நான்கு பேர் அமரலாம், ஒரே எஞ்சின். 3,000 அடி உயரத்தில் இதன் எஞ்சின் நின்று போனால், காற்று இல்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் வரை மிதந்து செல்ல முடியும். நேரக் கணக்கில் ஏறத்தாழ 4 நிமிடம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்.

கார்பரேட்டர் உள்ள பழைய மாடல்களில் அப்போது செய்ய வேண்டியவை இவை. வேகத்தை 65 நாட் அளவில் நிறுத்த வேண்டும். கார்பரேட்டர் ஹீட்டரை ஆன் செய்ய வேண்டும். எரிபொருள் திருகு இரண்டு டேங்க்கிற்கும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிபொருள் கலவையை முழுமையாக்க வேண்டும். இக்னிஷன் சாவி சரியான நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த முதல் சில வேலைகளை விமானி மனப்பாடமாகவே செய்ய வேண்டும். படித்துக் கொண்டிருக்க நேரம் இல்லை. செய்து முடித்த பிறகு அட்டையை எடுத்து, ஏதாவது விட்டுப் போயிற்றா என்று சரிபார்க்க வேண்டும். அவசரம் இல்லாத நேரங்களில் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்யலாம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

காக்பிட்டுக்குள் வந்த கம்ப்யூட்டர்

பேப்பருக்கு ஒரு பெரிய குறை உண்டு. நீங்கள் எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்று அதற்குத் தெரியாது. கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து நடுவில் ரேடியோவில் அழைப்பார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஏழாவது வரியை முடித்தோமா இல்லையா என்று குழப்பம் வரும். தவிர, பழைய பதிப்பு அட்டையே பையில் கிடக்கும், புதியது வந்திருக்கும்.

எலக்ட்ரானிக் செக்லிஸ்ட் இந்தக் குறைகளைத் தீர்க்கிறது. முடித்த வரி நிறம் மாறும். விட்ட வரி அப்படியே நிற்கும். 1995-ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில், பல சுவிட்சுகளின் நிலையைக் கம்ப்யூட்டரே அறிந்து, தானாகவே டிக் செய்யும் வசதி வந்தது. சிறிய விமானங்களிலும் கார்மின் ஜி1000 போன்ற திரைகள் வந்தன. 2010-ல் ஐபேட் வந்ததும் நிலைமை வேகமாக மாறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமார் 16 கிலோ எடையுள்ள புத்தகப் பையைச் சுமந்து கொண்டிருந்தார்கள். 2011 டிசம்பரில், பறக்கும்போது முழு நேரமும் ஐபேட் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் 2015 ஏப்ரலில் அதே நிறுவனத்தில், ஒரு வரைபடப் பைலில் ஏற்பட்ட கோளாறால் பல விமானிகளின் ஐபேடில் அந்த அப்ளிகேஷன் ஒரே நேரத்தில் நின்று போனது. பல விமானங்கள் தாமதமாகக் கிளம்பின. நல்லவேளை, அவை தரையில் இருந்தன. பேப்பர் பை கனமானதுதான். ஆனால் எல்லா விமானிகளின் பையும் ஒரே நாளில் திறக்க முடியாமல் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

நான் செய்த அப்ளிகேஷன்

என் கல்லூரி சீனியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றுக் கொண்டிருந்தார். "தம்பி, என் செக்லிஸ்ட்டை டேப்லட்ல போட்டுக் குடேன், வீட்ல பழகிக்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். பெரிய எழுத்து, பச்சை டிக், அழகான நிறங்கள். புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து, சோதித்துப் பார்க்கலாம் என்றார். அது மே மாதம்.

அப்பாவின் காரை வெயிலில் நிறுத்தி, டேஷ்போர்டின் மேல் டேப்லட்டை வைத்தோம். விமானி அமரும் இடமும் கண்ணாடிக்குள் வெயில் கொளுத்தும் இடம்தான். சிறிது நேரத்தில் திரை மங்கியது. பிறகு 'சூடு அதிகம், ஆறட்டும்' என்ற எச்சரிக்கையோடு நின்று விட்டது. ஐபேட் வேலை செய்யச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. நம் ஊரில் மே மாதம் மரத்தடியிலேயே அதைத் தாண்டும். சீனியர் தன் போலராய்டு கூலிங்கிளாஸைப் போட்டுக் கொண்டு, ஆறிய திரையைச் சாய்த்துப் பார்த்தார். கறுப்பாகத் தெரிந்தது.

இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை. எனக்கு உண்மையான அதிர்ச்சி வேறு இடத்தில் வந்தது. நிழலில் உட்கார்ந்து அவர் பயிற்சி செய்வதைக் கவனித்தேன். முதல் நாள் ஒவ்வொரு வரிக்கும் கையை நீட்டி, அந்த சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தொடுவது போல் செய்து, பிறகு டிக் போட்டார். மூன்றாம் நாள், பெருவிரலால் டிக், டிக், டிக் என்று பத்து வரிகளையும் நான்கு நொடியில் முடித்தார். பக்கம் முழுவதும் பச்சை. ஆனால் எதையும் அவர் பார்க்கவில்லை.

அவரே அதைக் கண்டு சிரித்து விட்டார். "டிக் போடறது இவ்வளவு சுலபமா இருந்தா, பார்க்கிறது போயிடும் தம்பி" என்றார். "அண்ணே, அது என் அப்ளிகேஷனோட தப்பு" என்றேன். பிறகு தேடிப் படித்தபோது, இது என் அப்ளிகேஷனோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. நாசா ஆய்வாளர்கள் பால்மரும் டெகானியும் 1991-லேயே சிமுலேட்டரில் இதைச் சோதித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தானாகவே டிக் செய்யும்போது, விமானிகள் தாங்களாகச் சரிபார்ப்பது குறைகிறது.

பேப்பரிலும் இந்த ஆபத்து உண்டு. 1987 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. இறக்கையின் பிளாப்கள் நீட்டப்படவில்லை. அதைச் சரிபார்க்கும் செக்லிஸ்ட்டை விமானிகள் படிக்கவில்லை. தவறைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரம் போகவில்லை. 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தது 4 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே. கையில் இருந்த அட்டை படிக்கப்படவில்லை, நம்பியிருந்த கருவி பேசவில்லை.

இப்போது என் சீனியர் செய்வது இதுதான். வரைபடங்கள், வானிலை, அன்றாடக் கணக்குகளுக்கு டேப்லட். அவசர நேரத்துக்கான பட்டியல் மட்டும் லேமினேட் செய்த அட்டையில், கைக்கு எட்டும் இடத்தில்.

என் வீட்டில் விழுந்த விமானம்

இதை எல்லாம் கற்றுக் கொண்ட பிறகும் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குப் புது லேப்டாப் வாங்கியபோது, திருடு போனாலும் யாரும் படிக்க முடியாதபடி பிட்லாக்கர் மூலம் டிஸ்க்கைப் பூட்டினேன். அப்போது விண்டோஸ் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்றைத் தரும். அதை எங்கே வைப்பது என்று கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கலாம் என்றது, வேண்டாம் என்றேன். பைலாகச் சேவ் செய்யலாம் என்றது. ஆனால் பூட்டப்படும் அதே டிரைவில் சேவ் செய்ய விடாது. பிரிண்ட் செய்யலாம் என்றது. நான் கெட்டிக்காரன் அல்லவா? பிரிண்ட் என்பதைக் கிளிக் செய்து, பிரிண்டருக்குப் பதிலாக பி.டி.எஃப். பைலாக மாற்றி, அதே லேப்டாப்பின் டாகுமெண்ட்ஸ் போல்டரில் வைத்தேன். இந்தக் காலத்தில் பேப்பர் எதற்கு?

ஒன்றரை வருடம் கழித்து மதர்போர்டு பழுதாகி மாற்றினார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் நீலத் திரை. 48 இலக்கங்களைக் கேட்டது. அது பூட்டிய வீட்டுக்குள் இருந்தது, சாவியும் வீட்டுக்குள்.

உள்ளே என் அப்பத்தாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. அவர் நடவுப் பாட்டு பாடியதை அப்பா போனில் பதிவு செய்து, போனில் இடம் இல்லை என்று லேப்டாப்புக்கு மாற்றி இருந்தார். அப்பத்தா அதற்கு முந்தைய தை மாதம் காலமாகி விட்டார். அப்பா என்னைத் திட்டவில்லை. "உனக்கே தெரியலைன்னா யாருக்குப்பா தெரியும்" என்று மட்டும் சொன்னார். லேப்டாப்பும் நன்றாக இருந்தது, பூட்டும் நன்றாக வேலை செய்தது. தவறு முழுக்க என்னுடையது.

காக்பிட்டில் கற்ற பாடத்தை இப்போது ஒரே வரியில் சொல்கிறேன். எது பழுதாகலாமோ, அதைச் சரிசெய்யும் குறிப்பை அதற்குள்ளேயே வைக்காதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு ஓர் அட்டை

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. போன் அணைந்த பிறகு, சொந்த அண்ணன் நம்பர் கூடத் தெரியாமல் எத்தனை பேர் தவித்தார்கள்! ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்திடுங்கள்.

1. வேர்ட் புரோகிராமைத் திறந்து ஒரே ஒரு பக்கம் தயாரியுங்கள். எழுத்தின் அளவு 14-க்குக் குறைய வேண்டாம். தலைப்பில் தேதியை எழுதுங்கள். பழைய அட்டை எது, புதியது எது என்று அப்போதுதான் தெரியும்.

2. அதில் எழுத வேண்டியவை: லேப்டாப் மாடல், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, இன்டர்நெட் இணைப்புக் கணக்கு எண், பழுது பார்ப்பவரின் போன், நெருங்கிய உறவினர் இருவரின் போன். பேக்கப் டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

3. 'கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால்' என்று தலைப்பிட்டு ஐந்து வரிகள் மட்டும் எழுதுங்கள். பிளக், சார்ஜர், பவர் பட்டனை 10 நொடி அழுத்துவது, வெளியே செருகிய பென் டிரைவை எடுப்பது, யாரை அழைப்பது. ஐந்துக்கு மேல் வேண்டாம். 2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியபோது, விமானிகள் கையில் எடுத்த செக்லிஸ்ட் அதிக உயரத்தில் பறக்கும் விமானத்துக்காக எழுதப்பட்ட நீளமான ஒன்று. கிடைத்த மூன்றரை நிமிடத்தில் அதன் ஒரு பகுதியைத்தான் முடிக்க முடிந்தது. விமானியின் திறமையால் 155 பேரும் பிழைத்தார்கள்.

4. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்பு எண்ணை உண்மையான பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். இதையும் பாஸ்வேர்ட்களையும் அட்டையில் எழுதாதீர்கள். தனித் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்கவே கூடாது.

5. அட்டையை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.

6. மாதம் ஒருமுறை பேக்கப் எடுப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் போனில் ஞாபகமூட்டல் வையுங்கள். அதற்கு எலக்ட்ரானிக் முறைதான் சிறந்தது. ஆனால் 'முடிந்தது' என்று தட்டும் முன், பேக்கப் டிஸ்க்கில் ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள். திறக்கிறதா? பிறகு டிக் போடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த அட்டை காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. புது லேப்டாப்புக்கான மீட்பு எண் பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அப்பா பேக்கப் எடுத்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "ஒரு படம் திறந்து பார்த்தேன், தெரியுதுப்பா" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் என் போனில் நான் டிக் போடுகிறேன்.