அணைத்த பிறகும் சுடும் உலை

பெங்களூரு உள்ளிட்ட கர்நாடக ஊர்களுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, உத்தர கன்னட மாவட்டக் காட்டுக்குள், காளி ஆற்றங்கரையிலுள்ள கைகா அணுமின் நிலையத்தில் பிறக்கிறது. அங்கே நான்கு உலைகள். ஒவ்வொன்றும் 220 மெகாவாட். 300 மெகாவாட் வரையிலானவை உலகக் கணக்கில் சிறு உலைகள். கைகாவின் முதல் உலை, 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் இடைவிடாமல் ஓடி, அன்றைய உலகச் சாதனையை முறியடித்தது.

எரிபொருள் மாற்றவாவது நிறுத்த வேண்டாமா? வேண்டாம். யுரேனியம் அரை மீட்டர் நீளக் கட்டுகளாக, படுக்கைவாட்டிலுள்ள 306 குழாய்களில் இருக்கிறது. ஒரு முனையில் இயந்திரம் புதுக் கட்டைத் தள்ளும். மறுமுனையில் இன்னொன்று பழையதை வாங்கிக்கொள்ளும். உலை ஓடிக்கொண்டேயிருக்கும்.

அதைவிட நுட்பமானது நிறுத்துவது. யுரேனிய அணு பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் துகள், அடுத்த அணுவைப் பிளக்கிறது. இதுதான் தொடர்வினை. நியூட்ரான்களை விழுங்கிவிட்டால் அது அறுந்துபோகும். அப்படி விழுங்கும் காட்மியத் தண்டுகள் உலைக்கு மேலே மின்காந்தப் பிடியில் தொங்குகின்றன. மின்சாரம் போனால் பிடி நழுவும். தண்டுகள் தம் எடையாலேயே உள்ளே விழும். மின்தடையே நிறுத்தும் கட்டளை! தண்டுகள் சிக்கிக்கொண்டால்? போரான் கலந்த திரவம் ஹீலியம் வாயுவின் அழுத்தத்தால் தனிக் குழாய்களில் பாயும். ஒரு வழியைக் கெடுக்கும் காரணம் மற்றதையும் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே ஒன்று திடப்பொருள், மற்றது திரவம்.

தொடர்வினை நின்றாலும் சூடு நிற்காது. பிளந்த அணுத் துண்டுகள் தொடர்ந்து சிதைந்து வெப்பம் தரும். இது சிதைவு வெப்பம். நின்ற கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் முழு வெப்பம் அதைவிடப் பல மடங்கு என்பதால், அது கிட்டத்தட்ட 50 மெகாவாட். வீட்டுக் குளியலறை கீசர்கள் 25,000 ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு மிஞ்சியிருக்கும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கத்தின்போது ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. சுனாமியால் மின்சாரமும் குளிரூட்டலும் போனதால், சிதைவு வெப்பமே எரிபொருளை உருக்கியது.

பம்பு ஓடாவிட்டால் நீர் எப்படிச் சுற்றும்? விடை கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நீராவி உண்டாக்கும் கலன்கள் உலையைவிட உயரத்தில் இருக்கின்றன. உலையைக் குளிர்விக்கும் கனநீர் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) சூடானதும் இலேசாகி மேலேறும்; அங்கே ஆறிக் கனத்துக் கீழே இறங்கும். உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை இது சோதிக்கப்பட்டது. டர்பைன் தகடுகள் முறிந்து, தீப்பிடித்து, கேபிள்கள் கருகின. 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. தீயணைப்புக்கான டீசல் பம்புகளால் ஊழியர்கள் கலன்களுக்கு நீர் ஊட்டினார்கள். உலைக்குள் நீர் தானாகவே சுற்றியது. கதிர்வீச்சு வெளியேறவில்லை.

கடைசி அரண் இரட்டைக் கான்கிரீட் சுவர். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. வெளிச்சுவரில் விரிசல் விட்டாலும் காற்று உள்ளே இழுக்கப்படுமே தவிர, வெளியே கசியாது.

புதிய சிறு உலைகள், பம்பில்லாமல் தானாகக் குளிரும் யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோகின்றன. உலை சிறிதானால் சிதைவு வெப்பமும் சிறிது. இயற்கையே ஆற்றிவிடுவது எளிது. சீனாவின் ஷிடாவ்வான் அணுமின் நிலையத்தில் 2023இல் குளிரூட்டும் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்த்தார்கள். உலை தானாக ஆறியது. இந்தியாவும் 2025 பட்ஜெட்டில் ரூ.20,000 கோடி அறிவித்து, 2033க்குள் குறைந்தது ஐந்து சிறு உலைகளை இயக்கத் திட்டமிட்டுள்ளது.

உங்கள் ஊர்ப் பக்கம் அப்படியொன்று வருமானால், எத்தனை மெகாவாட் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மின்சாரமும் ஆளும் இல்லாமல் எத்தனை மணி நேரம் அது தானாகக் குளிர்ந்துகொள்ளும்? உலையின் தரத்தைச் சொல்லும் எண் அதுதான்.