உத்திரமேரூர்ல பிளாட் வாங்கப் போறீங்களா? டோக்கன் கொடுக்கும் முன்னாடி இதைப் படிங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்தில் வேன் ஏறுறீங்க. மதியம் ஃப்ரீ பிரியாணி. சாயங்காலம் ஐயாயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்துட்டு வீடு திரும்புறீங்க. "பரந்தூர் ஏர்போர்ட் வருது சார், இப்ப விட்டா கிடைக்காது"ன்னு சொல்லியிருப்பாங்க. மேப்பைத் திறந்து பாருங்க: பரந்தூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, உத்திரமேரூர் தெற்கே. நடுவுல ஒரு நகரமே இருக்கு!

உத்திரமேரூர் நல்ல ஊர்தான். நான் வாங்காதீங்கன்னு சொல்லல. கணக்கு போட்டுட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

உதாரணத்துக்கு 1,200 சதுர அடி, அடி 700 ரூபாய்னு வெச்சுக்குவோம். மனை விலை 8,40,000. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ரெண்டும் சேர்ந்து 75,600. (10 லட்சம் மதிப்பு வரை பெண்கள் பேரில் பதிஞ்சா 2025 ஏப்ரல்ல இருந்து 1% குறையும். அம்மா பேர்லயோ மனைவி பேர்லயோ வாங்கறதா இருந்தா 8,400 ரூபாய் மிச்சம்.) ஆக, கைவிட்டுப் போனது 9,15,600. இதே பணம் 7% வட்டியில் பேங்க்ல கிடந்தா, வரியைக் கழிக்காம பார்த்தா, ஏறத்தாழ பத்து வருஷத்துல ரெட்டிப்பாகும். அதுக்குச் சமமா வரணும்னா, உங்க மனை அடி 1,500 ரூபாய்க்கு மேல விக்கணும். அதுவரைக்கும் வாடகை கிடையாது. லோன் போட்டா வீடு கட்டாத வரை வட்டிக்கு வரிச்சலுகையும் கிடையாது.

விலையை விட முக்கியமான கேள்வி, நாளைக்கு இதை விக்க முடியுமா? 2016 செப்டம்பர்ல அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. அந்த மாதிரி மனையை அவசரத்துக்கு விக்கலாம்னு நினைச்சவங்க கையில் பத்திரம் இருந்தும் மாட்டிக்கிட்டாங்க. 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது, ஆனா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைகளுக்குத்தான். அதனால 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'ன்னு யாராவது சொன்னா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. லேஅவுட்டுக்கு டிடிசிபி அங்கீகாரம் வேணும், 500 சதுர மீட்டருக்கு மேல இருந்தா ரெரா பதிவும் வேணும். ரெரா நம்பரை நோட்டீஸ்ல பார்த்தா போதாது. ரெரா தளத்துல போட்டு, சர்வே நம்பர் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

அடுத்து தண்ணி. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுன்னதும் நமக்குக் குடவோலைதான் ஞாபகம் வரும். அதே கல்வெட்டுல ஏரி வாரியம்னு தனிக் குழுவும் இருக்கு. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே ஏரியைப் பார்த்துக்க ஆள் போட்ட ஊர் இது! சுத்தி எங்க பார்த்தாலும் ஏரி, கால்வாய், நஞ்சை. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாத்தையும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்துல பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்குன்னு ஏதாவது தெரிஞ்சா விலகிடுங்க. வேன் டூர் பெரும்பாலும் வெயில் காலத்துலதான் இருக்கும். நீங்க ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் ஒரு தடவை தனியா பைக்ல போங்க. மனைக்குப் போற பாதை முழங்கால் தண்ணியில இருந்தா, புரோக்கர் சொன்ன எதுவும் தேவையில்லை. பக்கத்து வயல்ல வேலை செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வில்லங்கச் சான்றுல இல்லாததை எல்லாம் அவங்க சொல்வாங்க.

வில்லங்கச் சான்றும் முக்கியம்தான், 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. ஆனா அதுல பதிவான விஷயம் மட்டும்தான் வரும். பாகம் பிரிக்காத சொத்து, வெளிநாட்டுல இருக்கிற தங்கச்சி, பதியாத உயில், இதெல்லாம் வராது. வாரிசுச் சான்று கேளுங்க. மூலப் பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. அந்த வக்கீலை நீங்க பிடிக்கணும், புரோக்கர் கூட்டிட்டு வந்தவரா இருக்கக் கூடாது.